குறி தவறப் பழகுதல்

கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய தாளில் எல்லாமே வட்டம் வட்டமாக இருந்தது. பர்மிய எழுத்து. எனக்கு ஒரு வட்டம்கூடப் புரியவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லே அரசி. சும்மா ரூல்ஸு. போடு," என்றான் கார்த்திகேசன்.

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு ஒரு பக்கம்?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு வாசிக்க ஆரம்பித்தான். துப்பாக்கியின் வாய் எப்போதும் எதிர்ச் சுவரைப் பார்த்தே இருக்க வேண்டும். சொல்லும் வரை விசையில் விரல் வைக்கக் கூடாது. குடித்துவிட்டு வரக் கூடாது. காயம்பட்டால் இவர்கள் பொறுப்பில்லை. கடைசி வரி வரை கேட்டுவிட்டுத்தான் தமிழரசி என்று தமிழில் எழுதினேன். எங்கள் அப்பா வாசிக்கத் தெரியாமல் கைநாட்டு வைத்த ஒரு தாளால்தான் திருச்சியில் எங்களுக்கு இருந்த ஒன்றரை சென்ட் இடம் போனது. அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அரசாங்கமே சான்றிதழ் கொடுத்திருக்கிறது. அதை வாங்க தாலுகா ஆபீசுக்குப் பதினோரு முறை நடந்தேன். ஆகவே தாள்களை நான் நம்புவதில்லை. வாசிப்பேன்.

ஆனால் அன்று காலையில் நான் எங்கே போகிறேன் என்பதையே யாரும் எனக்கு வாசித்துக் காட்டவில்லை. "வெளிய போயி ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க" என்று அத்தை அனுப்பினாள். டீக்கடைக்குப் போவோம், இல்லாவிட்டால் பகோடாவுக்கு, அதாவது புத்தர் கோயிலுக்குப் போவோம் என்று நினைத்தேன். ரங்கூனில் போட்டாதாங் படகுத்துறைப் பக்கம், கீழே வெங்காய மூட்டை அடுக்கிய ஒரு பழைய கிட்டங்கியின் மூன்றாம் மாடிக்கு என்னைக் கூட்டி வந்து நிறுத்தினான். துப்பாக்கி சுடும் கூடம். பெண் பார்த்த பையன் பெண்ணைச் சுடக் கூட்டிப் போவது எந்த ஊர் வழக்கம் என்று எனக்குத் தெரியாது.

கார்த்திகேசன் என் அத்தை மகன். எங்கள் தாத்தா அறுபத்து நாலில் ரங்கூனை விட்டுக் கப்பலேறி வந்தவர். திருச்சியில் பர்மா காலனியில் குடிவைத்தார்கள்; அங்கே எங்களுக்குக் கப்பல்காரன் வீடு என்று பெயர். ஆனால் எல்லாரும் வந்துவிடவில்லை. மிச்சமிருந்த சொந்தத்துக்கே தொண்ணூற்றாறில் அப்பாவின் தங்கையைத் திருப்பிக் கட்டிக் கொடுத்தார்கள். அந்த அத்தையைப் பார்க்க, கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் என்று சொல்லித்தான் அம்மா என்னைக் கொல்கத்தா வழியாக விமானத்தில் கூட்டி வந்தாள். வந்து நான்கு நாள் நன்றாகத்தான் போனது. ஐந்தாம் நாள், அதாவது நேற்று, தோசைத் தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அத்தை சொன்னாள்:

"வர்ற வெள்ளிக்கிழமை சீட்டுக் குலுக்கறாங்க. உன் அத்தான் பேரும் உள்ள கிடக்கு."

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் சீட்டு. பதினெட்டிலிருந்து முப்பத்தைந்து வரை வட்டாரத்து ஆண்களின் பெயர் எல்லாம் பட்டியலில். இவனுக்கு இருபத்தெட்டு. புதன்கிழமை கோயிலில் தாலி கட்டி, ஒரு வக்கீலிடம் பத்திரம் எழுதிவிட்டால், 'இந்தியக்காரியின் புருஷன்' என்று சொல்லி வியாழக்கிழமை எங்கள் விமானத்திலேயே ஏற்றிவிடலாம் என்று ஆள் ஒருவர் சொல்லியிருக்கிறார். யார் அந்த ஆள் என்றால் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இவன் அடையாள அட்டையில் கார்த்திகேசன் என்ற பெயரே இல்லை. ஸோ மின் என்று இருக்கிறது. அப்பா பெயரும் பர்மியப் பெயர். இந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு எந்த அலுவலகத்தில் எந்தத் தாளை இரண்டு நாளில் வாங்க முடியும் என்று கேட்டேன். அத்தை வேறொன்று சொன்னாள்.

"நீ பெரியவளானப்ப நான் இங்கேருந்து ஒரு பட்டு அனுப்பினேன். உங்கம்மா வாங்கி வெச்சிக்கிட்டா இல்லே? முறைக்காரி பட்டு வாங்கின அன்னைக்கே பேச்சு முடிஞ்சிபோச்சு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டு சட்னியைத் தொட்டாள். எனக்குப் பன்னிரண்டரை வயதில் வந்த ஒரு கத்தரிப்பூ நிறப் பட்டு. பத்திரமாக டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அதற்குள் நான் இருந்தேன் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இன்று மதியச் சாப்பாட்டுக்குள் பதில் சொல்ல வேண்டும். வங்கி எழுத்தர் தேர்வில் தேறி, பணி ஆணைக்குக் காத்துக்கொண்டிருப்பவள் நான். முடியாது என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமை இவன் பெயர் வந்து, எங்கேயோ ஒரு காட்டில் இவன் செத்தால், அது என் தலையில். சரி என்று சொன்னால் என் தலையே எனக்கில்லை. நேற்றிலிருந்து எதைப் பார்த்தாலும் எரிச்சலாக இருந்தது. ஐந்து மாடி ஏறுவது, கரண்ட் போவது, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்கு எல்லாரும் பாய்வது, எல்லாம்.

இப்போது இது.

கூடம் நீளமாக, சன்னலே இல்லாமல், ஜெனரேட்டர் புகை வாசத்தோடு இருந்தது. ஐந்து பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று சுடலாம். நடுவில் பலகைத் தடுப்பு. பத்து மீட்டருக்கு அந்தப் பக்கம் இரும்புத் தகடும் மணல் மூட்டையும். அவற்றுக்கு முன்னால் கம்பியில் தொங்கும் காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம். சுற்றிவிடும் கைப்பிடியைச் சுழற்றினால் காகிதம் ஆடிக்கொண்டே நம்மிடம் வரும். நிஜத் தோட்டா கிடையாது. காற்றுத் துப்பாக்கி, மிளகு அளவு ஈயக் குண்டு. "பயப்படாதே, இதெல்லாம் விளையாட்டுச் சாமான்," என்றான் கார்த்திகேசன்.

"நான் பயப்படுறேன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

அங்கே சொல்லிக்கொடுப்பவர் மா மியா என்ற பர்மியப் பெண். நாற்பது வயது இருக்கும். கன்னத்தில் தனகா என்ற மரப்பட்டைக் குழம்பை இரண்டு வட்டமாக அப்பியிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கால்களை அகற்றி நிற்க வைத்தார், கட்டையைத் தோள் குழியில் பதித்தார், என் கன்னத்தைப் பிடித்து அதன்மேல் சாய்த்தார். ஒரு நிமிடம் பர்மியத்தில் விளக்கினார்.

"என்ன சொல்றாங்க?"

"மெதுவா சுடச் சொல்றாங்க," என்றான் இவன்.

"ஒரு நிமிஷம் பேசினாங்க. அதுல 'மெதுவா' மட்டும்தான் இருந்துச்சா?"

"மத்ததெல்லாம் உனக்கு வேணாம்."

துப்பாக்கி நான் நினைத்ததைவிடக் கனம். இடது கை இரண்டாவது நிமிடமே நடுங்க ஆரம்பித்தது. குழலின் நுனியில் ஒரு முள், கண்ணருகே ஒரு பள்ளம்; முள்ளைப் பள்ளத்துக்குள் நிறுத்தி, அதை வட்டத்தின் அடியில் நிறுத்த வேண்டும். முள் நின்றால் வட்டம் ஆடுகிறது. வட்டம் நின்றால் முள் ஆடுகிறது. மூச்சு விட்டால் இரண்டும் ஆடுகின்றன. அழுத்தினேன். காது மூடியைத் தாண்டிப் 'பட்' என்றது. காகிதம் அசையவேயில்லை.

பத்துக் குண்டு. கைப்பிடியைச் சுற்றிக் காகிதத்தை வரவழைத்தபோது மூன்றே துளை. ஒன்று மேல் மூலையில், ஒன்று ஓரத்தில் பாதி கிழிந்து, ஒன்று வட்டத்துக்குக் கீழே நான்கு விரற்கடை தள்ளி. மிச்சம் ஏழும் மணலுக்குப் போயின. கணிதத்தில் எழுபத்தெட்டு சதவீதம் வாங்கியவள். பத்து மீட்டர் தூரத்தில் கிடக்கும் ஒரு சாசர் அளவு வட்டம் எனக்குக் கிடைக்கவில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

திரும்பினால் இவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"எதுக்கு வீடியோ?"

"சும்மா. ஞாபகத்துக்கு."

"குண்டு போற பக்கம் எடுக்காம என் தோளை எதுக்கு எடுக்குறீங்க?"

"தோளும்தான் ஞாபகம்," என்று அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

அடுத்த பத்துக்கு இன்னும் கிட்டே வந்து நின்றான். என் மூச்சை எண்ணுகிறவன் மாதிரி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு கேள்வி.

"கண்ணை எப்ப மூடினே? சுடறதுக்கு முன்னாலயா, சுடும்போதா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"விரலை இழுத்தியா, அமுக்கினியா?"

"விரலை வெட்டிக் குடுக்கட்டா? வீட்டுக்குக் கொண்டுபோயி பாருங்க."

"கோவிச்சுக்காதே. அந்த மூணாவது குண்டு மேல போச்சு பாரு, அப்ப என்ன நினைச்சே?"

"உங்களை நினைச்சேன்."

அவன் அதையும் சீரியஸாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினான். கற்றுக்கொடுக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான். கற்றுக்கொள்கிறவன்தான் கேட்பான். அது எனக்குப் பட்டது. ஆனால் என்ன என்று புரியவில்லை.

பிறகு அவன் முறை. குழலை மடித்துக் குண்டை வைப்பதை அவன் பார்க்கவே இல்லை. கை தானாகச் செய்தது. ஐந்து குண்டு சுட்டான். காகிதம் வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. வட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம் கீழே தள்ளி ஐந்து துளையும். எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். இவனுக்கும் வரவில்லை.

மா மியா சிரித்தார். மடியிலிருந்து ஒரு பழைய நாணயத்தை எடுத்து அந்த ஐந்து துளை மேலும் வைத்தார். ஐந்தும் மறைந்துவிட்டன. அவருடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவில் உடைந்தவை, அதனால் அவர் என்னிடம் நேராகச் சொன்னது எனக்குப் புரிந்தது:

"தெரியாதவங்க சுட்டா நாலா பக்கமும் சிதறும், உன்னுது மாதிரி. கோ ஸோவோட தப்பு எல்லாம் ஒரே வீட்டுல குடியிருக்கு. ரெண்டு மாசமா வர்றார். இன்னும் பொய் சொல்லக் கத்துக்கலை."

கோ ஸோ என்றால் ஸோ அண்ணன், இவன்தான். நான் இவனைப் பார்த்தேன். இவன் நாணயத்தைப் பார்த்தான்.

"என்ன இது?" என்றேன்.

"வெளிய போயி சொல்றேன்."

"இங்கயே சொல்லு." அத்தை வீட்டில் ஐந்து நாளாக நான் காப்பாற்றி வந்த 'நீங்க' அத்தோடு போனது.

சொன்னான். இவன் அப்பா, மாமா பொன்னுத்துரை, திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுகிறவர். மாரியம்மன் கோயில் தீமிதியா, பகோடாத் திருவிழாவா, எங்கே கூட்டமோ அங்கே ஒரு பலகை, நூறு பலூன், நான்கு காற்றுத் துப்பாக்கி. எங்கள் திருச்சி காலனியிலும் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். பலூன் கடைத் துப்பாக்கியின் முள்ளை வேண்டுமென்றே வளைத்து வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் வாடிக்கையாளன் எல்லாப் பலூனையும் உடைத்துப் பரிசோடு போய்விடுவான். இவன் ஏழு வயதிலிருந்து அந்த வளைந்த முள்ளோடு வளர்ந்தவன். எந்தத் துப்பாக்கி எந்தப் பக்கம் எவ்வளவு பொய் சொல்லும் என்று தோளில் வைத்தவுடனே தெரிந்துவிடுமாம். கூட்டம் சேர்க்க மாமா இவனைத்தான் நிறுத்திச் சுடவிடுவார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

"அதுக்கு?"

"பட்டாளத்துல நல்லாச் சுடறவனை மொதல்ல முன்னால அனுப்பிடறாங்க. சுடவே வராதவனை சமையல்கட்டுல, மூட்டை தூக்க, அப்படி வெச்சிக்கிறாங்க. அதான், தப்பாச் சுடப் பழகறேன்."

"யாரு சொன்னது?"

"டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

டீக்கடையில்! கல்யாணம் பண்ணினால் விமானம் ஏற்றுவார்கள் என்பது யாரோ ஒரு ஆள் சொன்னது. தப்பாகச் சுட்டால் சமையல்கட்டு என்பது டீக்கடையில் சொன்னது. ஒரு மனிதனின் உயிரை இவ்வளவு பேர் சேர்ந்து வாய்வார்த்தையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒருவராவது ஒரு தாளைப் பார்க்கவில்லை.

பிறகு எனக்கு மற்றது உறைத்தது.

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தே?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "எனக்குத் தெரிஞ்ச ஆளுங்கள்ல துப்பாக்கியே தொடாதவ நீ ஒருத்திதான். எங்க வட்டாரத்துப் பசங்க பூரா எங்க கடையில சுட்டவனுங்க. நிஜமாத் தெரியாத ஆளு எப்படித் தப்பு பண்ணும்னு பக்கத்துல நின்னு பாக்கணும்னு..."

காது மூடியைக் கழற்றி மேசையில் போட்டேன்.

"மூணு வருஷம் படிச்சேன். பரீட்சை எழுதினேன். அதுக்கு உங்க வீட்டுல ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்கலே. எனக்குத் தெரியாத ஒரே விஷயத்தைப் பாக்க வீடியோ எடுக்கிறியே, உனக்கு வெக்கமா இல்லே?"

"ஹோத்தே," என்றான். ஆமாம் என்று அர்த்தம். "வெக்கமாத்தான் இருக்கு. இன்னும் ஒரு பத்து சுடறியா?"

அடித்திருப்பேன். மா மியா நடுவில் வந்து, ஏதோ சண்டை என்று மட்டும் புரிந்துகொண்டு, துப்பாக்கியை என் கையில் கொடுத்தார். கோபத்தில் அதைத் தோளில் வைத்தேன். இந்த முறை அவர் என் இடது முழங்கையை விலா எலும்போடு ஒட்டி வைத்தார், மூச்சைப் பாதி விட்டு நிறுத்தச் சொன்னார். இவன் எனக்குச் சொல்லாமல் விட்ட ஒரு நிமிடத்தில் இருந்தது இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. முள் நின்றது. வட்டமும் நின்றது. காகிதம் வந்தபோது பத்தில் நான்கு கறுப்பில்.

"அய்யோ," என்றான் கார்த்திகேசன். "கத்துக்கிட்டியே!"

பத்தாம் வகுப்பிலிருந்து நான் தேறிய எந்தப் பரீட்சைக்கும் யாரும் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

எங்களுக்கு என்று எடுத்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மா மியா பக்கத்துப் பலகையில் ஒரு துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் தடுப்புப் பலகையில் சாய்ந்து நின்றோம். கீழே யாரோ வெங்காய மூட்டையை இழுக்கும் சத்தம் கேட்டது.

"கல்யாணத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?" என்று கேட்டேன்.

"நான் நினைச்சி என்ன ஆவப்போவுது. அம்மா சொல்றது முறைதானே."

"முறை என்ன சொல்லுதுன்னு கேக்கலே. நீ."

"நீ வேணாம்னு சொல்லிட்டா எனக்கு அம்மாகிட்ட பேச்சு மிச்சம்."

"ஓ. அந்தப் பழியும் நான்தான் சுமக்கணுமா? நீ சொல்லேன்."

"நான் சொன்னா அம்மா சோறு திங்கமாட்டாங்க."

"நான் சொன்னா மட்டும் விருந்து சாப்பிடுவாங்களா?"

இவன் கெட்டவன் இல்லை. அதுதான் எரிச்சலே. குடிகாரனாக, திமிர் பிடித்தவனாக இருந்திருந்தால் விமானத்தில் பாட்டுக் கேட்டுக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். ஐந்து நாளாக எனக்காக ஐந்து மாடிக்குத் தண்ணீர் தூக்கினான். தன் அம்மா போடும் உப்பு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடித்து, யாரும் பார்க்காத நேரத்தில் என் குழம்பில் சுடுதண்ணீர் ஊற்றிக் கொடுத்தான்.

"இத்தனை நாள் எல்லாரும் பேசினாங்க," என்றேன். "உங்கம்மா எங்கம்மாகிட்ட பேசினாங்க. எங்கம்மா எங்கப்பாகிட்ட போன்ல பேசினாங்க. என்கிட்ட யாரும் கேக்கலே. நீயும் கேக்கலே. கேக்கணும்னா இப்ப கேளு. என் மூஞ்சைப் பாத்துக் கேளு."

அவன் கைலி மாதிரி கட்டியிருந்த லோஞ்சியின் முடிச்சை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

"என்னைக் கட்டிக்கிறியா, அரசி?"

கேட்டது நல்ல குரலில்தான். அதில் கெஞ்சல் இல்லை, உரிமையும் இல்லை. ஒரு நொடி 'சரி' என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. சொல்லிவிட்டால் என்ன? தாலியைக் கட்டி ஊருக்குக் கூட்டிப்போய், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒருவேளை அந்த ஆள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஒருவேளை. ஆனால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் அப்பா கைநாட்டு வைத்தார். உயிரைக் காப்பாற்றினவள் என்று இவன் ஆயுசுக்கும் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பான். உன்னைக் காப்பாற்றத்தானே வந்தேன் என்று நானும் ஒவ்வொரு சண்டையிலும் சொல்லுவேன். எனக்கு என்னைத் தெரியும். கட்டாயம் சொல்லுவேன்.

"மாட்டேன்," என்றேன்.

"சரி."

"என் மேல தப்பில்லே."

"இல்லே."

"உன் மேலயும் இல்லே."

"சரி அரசி. போதும்."

அவன் திரும்பித் துப்பாக்கியை எடுத்தான். மிச்சமிருந்த குண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சுட்டான். மா மியா துடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கைப்பிடியை அவரே சுற்றினார். காகிதம் வந்தது. ஏழு துளை, ஏழு ஊரில். ஒன்று எண் அச்சடித்த மூலையில், ஒன்று கம்பியில் மாட்டும் கிளிப்பை உரசிக்கொண்டு. மூன்று குண்டு காகிதத்திலேயே இல்லை. சிதறலில் என்னுடைய முதல் காகிதம் மாதிரியே இருந்தது.

"இதுதான்," என்றார் மா மியா, நிதானமாக. "இதை யாரும் பொய்னு சொல்லமாட்டாங்க."

கார்த்திகேசன் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. நான் மாட்டேன் என்று சொல்லி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "எப்படிப் பண்ணினேன்? நீ பாத்தியா? தோளு எப்படி இருந்துச்சி?" என்று என்னிடம் கேட்டான். நான் தோளைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தேன். ஆடிக்கொண்டிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை.

"இன்னொரு அஞ்சு," என்று மா மியாவிடம் கேட்டு வாங்கினான். அவசரமாக அடைத்தான். சுட்டான். காகிதம் வந்தது.

இடப்பக்கம், கீழே. ஐந்தும் ஒரே இடத்தில். அந்த நாணயத்தை எடுத்து வைக்கக்கூடத் தேவைப்படவில்லை.

அவன் அதைக் கசக்கிக் கூடையில் போட்டான். சிதறிய காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனான்; பிறகு அதையும் போட்டுவிட்டான். "கைக்குத் தெரிஞ்சது தெரிஞ்சதுதான்," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினான். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது உலுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் உலுக்கத் தகுந்த ஆள் அங்கே யாருமில்லை. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஏற்கெனவே ஆடிப்போனவர்கள்.

அத்தை வீடு இருக்கும் மிங்கலா தாங்ஞுன்ட்டுக்குப் பஸ் ஏறினோம். இரயில் பாலத்தைத் தாண்டி இறங்கும்போது, "நீ எதுவும் சொல்லாதே. நான் பாத்துக்கிறேன்," என்றான்.

ஐந்து மாடி ஏறினோம். கதவு திறந்தே இருந்தது. அத்தை பாயில் இலை போட்டு வைத்திருந்தாள். கூடத்துச் சுவரோரம் மாமா பொன்னுத்துரை பலூன் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அம்மா குக்கரிடம் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தாள். பாயசம் வாசம் அடித்தது. பதிலைக் கேட்காமலே பாயசம் வைத்துவிட்டார்கள்.

செருப்பைக் கழற்றுவதற்குள் கார்த்திகேசன் ஆரம்பித்துவிட்டான்.

"அம்மா. எனக்கு இது வேணாம். அரசி சரின்னுதான் சொன்னா. நான்தான் வேணாம்னுட்டேன். எனக்குப் புடிக்கலே."

மாமாவின் சுத்தியல் நின்றது. அத்தை கரண்டியோடு நின்றாள். அம்மா முகத்தில் ஒரு நிம்மதி ஓடியதைப் பார்த்தேன்: பழி நம் பக்கம் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு கை கழுவியிருக்கலாம். நல்ல பெண்ணாகவே ஊர் திரும்பியிருக்கலாம். அவன் அதைத்தான் எனக்குப் பரிசாகக் கொடுத்தான். அவனிடம் கொடுக்க வேறு ஒன்றும் இல்லை.

ஆனால் அது என்னுடையது. ஐந்து நாளில், ஏன், பன்னிரண்டரை வயதிலிருந்து, இந்த விஷயத்தில் என் வாயிலிருந்து வந்த ஒரே சொல். அதையும் ஒருவன் தன்னுடையது என்று எடுத்துக்கொள்கிறான். அன்பாகத்தான் எடுத்துக்கொள்கிறான். இருக்கட்டும்.

"பொய் சொல்றான் அத்தை," என்றேன். "அவன் கேட்டான். மாட்டேன்னு சொன்னது நான்."

"ஏய்!" என்றாள் அம்மா.

"என்னைக் கேக்காம வாங்கின பட்டுக்கு நான் பொறுப்பில்லே. திருச்சி போனதும் அனுப்பி வெச்சிடறேன்."

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். அடிப்பாள் என்றும் நின்றேன். அவள் கரண்டியைப் பாயசப் பாத்திரத்தில் வைத்தாள்.

"உனக்கு வாய் இருக்கு," என்றாள். "கப்பல்காரன் வீட்டுப் பொண்ணுன்னு என்னை இங்க தள்ளிவிட்டப்ப எனக்கு இல்லே. இருந்திருந்தா நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா நான் வாயைத் தொறக்காததாலதான் இவன் பொறந்தான். வெள்ளிக்கிழமைக்கு நான் என்னடி பண்ணுவேன்? அதுக்கும் ஒரு வாய் வெச்சிருக்கியா?"

இல்லை. இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

அத்தை தன் மகன் பக்கம் திரும்பி, "வந்து சாப்பிடுடா," என்றாள். அவன் உட்கார்ந்தான். மாமா உட்கார்ந்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தாள். சோறும் குழம்பும் மூன்று இலைக்கு வந்தன. என் இலைக்கு வரவில்லை. கார்த்திகேசன் எழுந்திருக்கப் பார்த்தான். நான் கையைக் காட்டி அவனை உட்கார வைத்தேன்.

பசித்தது. சோற்றுப் பாத்திரத்தை என் பக்கம் இழுத்து நானே போட்டுக்கொண்டேன். குழம்பு உப்புக் கரித்தது. அப்படியே சாப்பிட்டேன்.